கோழிப் பண்ணையைக் காலி செய்த பார்வேர்ட்

நம் இதழில் வைரஸ் என்று தலைப்பு வந்தால், புதிய ஆன்ட்டி வைரஸ் புரோகிராம் பற்றி ஏதோ சொல்லப் போகிறார்கள் என்றுதான் வாசகர்கள் நினைப்பீர்கள். இந்த முறை பேசப் போவது கொரோனா. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, நமக்கு வந்த செய்திகளில் பெரும் பங்கு வாட்ஸ் அப் வழியாகவே வந்தது. ஒரே வீட்டில் ஒருவர் மாஸ்க் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். இன்னொருவர், இதெல்லாம் சும்மா என்பார். மூன்றாமவர் கபசுரக் குடிநீர் போதும் என்பார். ஏன் இப்படி ஆளுக்கு ஒரு கருத்து? அவரவர் போனில் என்ன வந்தது, அதை அனுப்பியது யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எங்கள் ஊரான பொங்கலூரில் நடந்ததை வைத்து இதைப் பார்க்கலாம்.

கரடி பொம்மை வைரஸ்

முதலில் ஒரு பழைய கதை. நீண்ட நாள் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களுக்கு இது நினைவிருக்கலாம். 2002 ஆம் ஆண்டில் ஒரு இமெயில் உலகம் முழுவதும் சுற்றியது. 'உங்கள் கம்ப்யூட்டரில் ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்ற பெயரில், சிறிய கரடி பொம்மை ஐகானுடன் ஒரு பைல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது வைரஸ். அதை அழித்துவிட்டு, உங்கள் அட்ரஸ் புக்கில் உள்ள அனைவருக்கும் தெரிவியுங்கள்' என்பது அதன் சாரம்.

தேடியவர்களுக்கு அந்த பைல் கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? அது விண்டோஸ் உடன் வந்த, மைக்ரோசாப்ட் நிறுவனமே தந்த ஜாவா தொடர்பான ஒரு பைல். ஐகான் உண்மையிலேயே கரடி பொம்மைதான். மெயிலில் சொன்னபடியே பைல் இருந்ததால், அது வைரஸ் என்பதையும் மக்கள் நம்பிவிட்டனர். பைலை அழித்தார்கள். நண்பர்களுக்கும் சொன்னார்கள். எந்த ஆன்ட்டி வைரஸ் புரோகிராமும் இதைத் தடுக்க முடியவில்லை. ஏனென்றால், பரப்பும் வேலையைச் செய்தது மனிதர்கள்.

18 ஆண்டுகள் கழித்து எங்கள் ஊருக்கு வந்ததும் இதே வகைதான். கரடிக்குப் பதில் கோழி.

நோய்க்கு முன்னால் வந்த செய்தி

பொங்கலூர், கோவையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது. விசைத்தறி, திருப்பூர் பனியன் கம்பெனி வேலை, இவற்றோடு கறிக்கோழிப் பண்ணைகளும் எங்கள் பகுதியில் அதிகம். கறிக்கோழிக்கான பண்ணை விலையைத் தினமும் அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு பல்லடத்தில்தான் உள்ளது. என் பெரியப்பா 5,000 கோழிகள் வளர்க்கும் ஷெட் ஒன்றை ஒப்பந்த முறையில் நடத்தி வந்தார். இந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். ஷெட், தண்ணீர், கரண்ட், ஆள் எல்லாம் நம்முடையது. வளர்ப்புக் கூலி எடைக்கு ஏற்ப கிடைக்கும்.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளாவில் 2020 ஜனவரி 30 அன்று உறுதி செய்யப்பட்டார். தமிழகத்தில் முதல் நோயாளி மார்ச் 7 அன்று. ஆனால் பிப்ரவரியிலேயே, பிராய்லர் கோழியில் கொரோனா இருக்கிறது என்ற மெசேஜ் நாட்டின் பல பகுதிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. ஊர் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். கூடவே நோயுற்ற கோழியின் படம் ஒன்று. படம் உண்மைதான். கோழிக்கு நோய் வருவது புதிதா என்ன? படத்துக்குக் கீழே எழுதியிருந்ததுதான் பொய். கரடி பொம்மை ஐகான் கதையை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கோழிகளுக்கென்று ஒரு கொரோனா வைரஸ் உண்மையிலேயே உண்டு. இன்பெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ் என்ற மூச்சுக்குழல் நோயைத் தருவது அதுதான். 1930களிலிருந்தே அறியப்பட்ட நோய் இது. குஞ்சுப் பருவத்தில் இதற்குத் தடுப்பு மருந்தும் தருகிறார்கள். இந்த வைரஸ் மனிதர்களுக்கு வராது. கோவிட் 19 தரும் வைரஸ் கோழிகளில் வளர்வதில்லை என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் சோதனை மூலம் வெளியிட்டனர். டாக்குமெண்ட் ஒன்றும் போட்டோ ஒன்றும் ஒரே போல்டரில் இருப்பதால் இரண்டும் ஒரே பைல் ஆகிவிடாது அல்லவா? ஆனால், 'பாருங்கள், கோழி மருந்து புத்தகத்திலேயே கொரோனா என்று போட்டிருக்கிறது' என்று ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால், யார் பொறுமையாக விளக்கம் கேட்பார்கள்? மார்ச் மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் வேறு வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி அடுத்த மெசேஜ் தயாரானது.

விற்பனை சரிந்தது. பண்ணை விலை உற்பத்திச் செலவுக்கும் மிகக் கீழே போனது. சட்டை விற்கவில்லை என்றால் குடோனில் அடுக்கி வைக்கலாம். கறிக்கோழியை அப்படி வைக்க முடியாது. 40 முதல் 45 நாட்களில் எடைக்கு வந்துவிடும் கோழி, அதற்கு மேல் ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தீவனம் தின்றுகொண்டே இருக்கும். இடமும் போதாது. எனவே கிடைத்த விலைக்குத் தள்ளத்தான் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளும்போது விலை இன்னும் இறங்கும். பெரியப்பா ஷெட்டில் கோழி எடுக்க வண்டி வருவது தள்ளிக்கொண்டே போனது. ஒரு வழியாக எடுத்துப் போன பிறகு, அடுத்த குஞ்சு இறக்கவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஷெட் காலி. ஷெட் கட்ட வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை.

இதில் எனக்கு வியப்பான விஷயம் ஒன்று. 15 வருடமாக அந்தக் கோழிகளுக்குத் தீவனம் வைத்த பெரியம்மா, அந்த மார்ச் மாதம் வீட்டில் கோழிக் குழம்பு வைக்கவில்லை. 'நம்ம கோழிக்கு ஒண்ணுமில்லைனு எனக்குத் தெரியாதா கண்ணு? ஆனா குரூப்புல அத்தனை பேரு சொல்றாங்க, எதுக்கு வம்பு' என்றார். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், 40 உறவினர்கள் அனுப்பியது ஒரு பக்கம். 40 பேர் பக்கம்தான் தராசு சாய்ந்தது. அந்த 40 பேரும் ஒரே மெசேஜைத்தான் அனுப்பினார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

மறுப்பு வராமல் இல்லை. கோழி மூலம் இந்த நோய் பரவுவதாக எந்த ஆதாரமும் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை பிப்ரவரியிலேயே கடிதம் வெளியிட்டது. ஐதராபாத்தில் பிப்ரவரி கடைசியில் தெலுங்கானா அமைச்சர் கே.டி.ராமாராவும் மற்றவர்களும் மேடையிலேயே கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினர். பெரியப்பா குரூப்பில் அந்தக் கடிதத்தை நானே பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு பி.டி.எப். பைல். வதந்தியோ, தமிழில் அரை நிமிட ஆடியோ. எது கூடுதலாகப் பார்வேர்ட் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வீடு, நான்கு குரூப்

2020 மார்ச் 24 மாலையிலிருந்து தமிழகத்தில் 144 தடை உத்தரவு. நாடு முழுவதும் ஊரடங்கு மறுநாள் தொடங்கியது. நான் 2019 இல் இன்ஜினியரிங் முடித்து, கோவையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாடியில் தென்கிழக்கு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். எனவே என் ஆபீஸ் அங்கே, ஒரு தகர நிழலில். எங்கள் குடும்பமும் பெரியப்பா குடும்பமும் ஒரே வாசல்.

ஊரடங்கு முழுக்க, ஒரே வாசலில் இருந்தவர்களின் நடவடிக்கை எப்படி மாறியது என்பதை மேலிருந்து பார்க்க முடிந்தது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய குரூப்பில் எந்தத் தெருவை அடைத்தார்கள், எந்தக் கம்பெனி எப்போது திறக்கும் என்பதே பேச்சு. அவர் பயந்தது நோய்க்கு அல்ல, சம்பளத்துக்கு. கட்டிங் வேஸ்ட் துணியில் அவரே மாஸ்க் தைத்து எல்லாருக்கும் கொடுத்தார், தானும் போட்டுக்கொண்டார். பெரியப்பா மாஸ்க் போடவே மாட்டார். 'கோழில கொரோனான்னு சொன்னதும் இதே போன்தானே? அது பொய்யின்னா இது மட்டும் எப்படி நிசம்?' என்பது அவர் வாதம். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு பொய்யால் ஷெட்டையே இழந்தவர், அடுத்து வரும் உண்மையையும் அதே கூடையில் போட்டுவிட்டார். பெரியம்மா வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கபசுரக் குடிநீரும் காய்ச்சி, மாஸ்க்கும் போட்டுக்கொண்டார். எது வேலை செய்கிறதோ செய்யட்டும் என்று எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து வைப்பது போல. என் ஆபீஸ் குரூப்பிலோ தினமும் வரைபடமும் கணக்கும்தான்.

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எல்லா விளக்கும் மீண்டும் எரியும்போது வோல்டேஜ் ஏறி டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும் என்று முந்தைய நாளே ஒரு மெசேஜ். எங்கள் தெருவில் பலர் மெயினையே ஆப் செய்துவிட்டனர். நான் யு.பி.எஸ். வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அதே ஏப்ரலில் எங்கள் மாவட்டப் போலீசாரின் வீடியோ ஒன்று நாடு முழுவதும் பரவியது. மாஸ்க் இல்லாமல் பைக்கில் சுற்றிய இளைஞர்களை ஆம்புலன்ஸில் ஏற்ற, உள்ளே ஒரு கொரோனா நோயாளி படுத்திருப்பார். அலறி அடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்ப்பார்கள். உள்ளே இருந்தவருக்கு நோய் ஏதும் இல்லை. விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. சிரித்தோம், பார்வேர்டும் செய்தோம். ஆனால் நோயாளி என்றால் இப்படி அலறி ஓட வேண்டும் என்ற எண்ணத்தையும் அது சேர்த்தே கொடுத்தது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தபோது, அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுபவர்கூட வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரட்டை அம்புக்குறி எப்படி வேலை செய்கிறது?

இந்தக் குழப்பத்துக்கு வாட்ஸ் அப் என்ன செய்தது என்று பார்ப்போம். இந்தியாவில் வதந்தியால் பலர் அடித்துக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2018 ஜூலையில் ஒரு மெசேஜை ஒரே முறையில் 5 பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மட்டுமே பார்வேர்ட் செய்யலாம் என்ற கட்டுப்பாடு இங்கே வந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் ஆனது. 2020 ஏப்ரல் 7 அன்று, பல கை மாறி வந்த மெசேஜை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். இதனால் அப்படிப்பட்ட மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த மாதக் கடைசியில் வாட்ஸ் அப் அறிவித்தது. எங்கள் ஊருக்கு இது தாமதம்தான். கோழி போன பிறகு கதவைச் சாத்திய கதை.

வாட்ஸ் அப் மெசேஜ்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டவை, நிறுவனமே படிக்க முடியாது என்கிறார்களே, பிறகு எத்தனை முறை பார்வேர்ட் ஆனது என்று எப்படித் தெரிகிறது? பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. விடை எளிது. அந்த எண்ணிக்கை மெசேஜுக்குள்ளேயே, அதே என்கிரிப்ஷனுக்குள் பயணம் செய்கிறது. நீங்கள் பார்வேர்ட் செய்யும்போது உங்கள் போன் அதில் ஒன்றைக் கூட்டி அனுப்புகிறது. 5 அல்லது அதற்கு மேல் கை மாறியிருந்தால், பெறுபவரின் போன் இரட்டை அம்புக்குறி காட்டுகிறது. சர்வருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கவனியுங்கள், இந்த அடையாளம் செய்தி பொய் என்று சொல்லவில்லை. இது உங்களுக்கு அனுப்பியவர் எழுதியது அல்ல, அவருக்கும் யாரோ அனுப்பியது என்று மட்டுமே சொல்கிறது. அத்தை அனுப்பியதால் அத்தை சொன்னதாக ஆகாது.

ஓட்டையும் உண்டு. டெக்ஸ்ட்டை காப்பி செய்து புதிதாக பேஸ்ட் செய்தால் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். படத்தை கேலரியில் சேவ் செய்து அங்கிருந்து அனுப்பினாலும், ஸ்கிரீன் ஷாட் எடுத்து அனுப்பினாலும் அப்படியே. அதனால்தான் 'காப்பி பேஸ்ட் செய்து அனைவருக்கும் அனுப்பவும்' என்று கேட்கும் மெசேஜ்களைப் பார்த்தால் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவேன்.

ஊசி வந்தபோது

2021 இல் கதை மாறியது, ஆட்களும் மாறினார்கள். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போடச் சொன்னார். 17 ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று உடனேயே சுகாதாரத் துறை கூறியது. தேசிய அளவிலான ஆய்வுக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் அதை உறுதி செய்தது. அக்டோபர் வரை எந்த வதந்தி காத்திருக்கும்? எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த முகாமுக்கு அந்த வாரம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். கையில் ஊசி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டும், 5ஜி டவரால்தான் நோயே வருகிறது என்று அடுத்தடுத்து வந்தன. மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை, 5ஜி இந்தியாவில் எங்குமே தொடங்கப்படவில்லை என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. 5ஜி சேவை வந்தது 2022 அக்டோபரில்தான்.

இது ஒரு பக்கம். மறு பக்கம், 18 வயதிலிருந்து 44 வரை உள்ளவர்களுக்கு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு கோவின் தளத்தில் பதிவு தொடங்கியபோது, தளமே சில நிமிடங்கள் திணறியது. மே மாதம் ஸ்லாட் கிடைக்காமல் என் நண்பர்கள் இரவெல்லாம் ரிப்ரெஷ் செய்துகொண்டிருந்தனர். சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் என்ற புரோகிராமர், ஸ்லாட் திறந்தால் டெலிகிராமில் தகவல் தரும் வசதியை உருவாக்கி நாடு முழுவதும் பேசப்பட்டார். நானும் அதுபோல் சிறிய பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி ஓடவிட்டிருந்தேன். மாடியில் ஊசிக்காக புரோகிராம் ஓடுகிறது, கீழே அப்பத்தா ஊசிக்குப் பயந்து உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலம் தெரிந்து, ஓ.டி.பி. வரும் போன் வைத்திருப்பவருக்கே கோவின் வசதியாக இருந்தது. ஜூன் முதல் வாரம் இந்திய மொழிகளைச் சேர்த்தபோதும் முதலில் தமிழ் விடுபட்டு, பிறகே சேர்ந்தது. இந்த வகையில் அரசு மையங்களில் நேரில் பதிவு செய்யலாம் என்று மே 24 இல் அறிவித்ததுதான் எங்களைப் போன்ற ஊர்களுக்கு உண்மையான உதவி. 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசிப் பணியை முதல்வர் ஸ்டாலின் மே 20 அன்று திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கி வைத்த பிறகு, பனியன் கம்பெனி ஆட்களின் குரூப்பில் பேச்சு மாறியது. அப்பாவின் செக்கிங் பிரிவுப் பெண்கள் போட்டுக்கொண்டு போட்டோ போட்டார்கள்.

அப்பத்தா யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் காட்டிய வீடியோக்கள் வீண். ஜூன் மாதம் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார். என் தம்பிக்கும் எனக்கும் சிறு வயதில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தவர். அவர் விஞ்ஞானம் எதுவும் பேசவில்லை. 'ஊசி போட்டா கை வலிக்கும்ங்க, ராத்திரி காய்ச்சல் வரும்ங்க, இந்த மாத்திரை ஒண்ணு போடுங்க, மறுநாள் சரியாயிரும்' என்றார். மறுநாள் போட்டார்கள். சொன்னபடி கை வலித்தது, காய்ச்சல் வந்தது, போனது. காய்ச்சல் வந்தால் ஆபத்து என்று ஆடியோக்கள் சொன்னதை, முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒரு வாக்கியம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அப்பத்தா பிறகு தெருவில் நான்கு பேரைக் கூட்டிப் போனார். பெரியப்பா மட்டும் செப்டம்பர் வரை இழுத்து, 12 ஆம் தேதி நடந்த முதல் மெகா முகாமில் போட்டுக்கொண்டார். அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டனர். ஷெட்டில் அப்போது கோழி இருந்தது.

வீட்டில் செய்து பார்க்க

வதந்தி கொரோனாவோடு முடியவில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வேறு சம்பவங்களின் வீடியோக்கள் பரவி, திருப்பூரில் பலர் ரயில் ஏறத் தொடங்கினர். போலீசார் உதவி எண்களை அறிவித்து, இந்தியிலேயே பேசி விளக்க வேண்டியிருந்தது.

சந்தேகமான படம் வந்தால், அதை சேவ் செய்து, போனில் உள்ள கூகுள் ஆப்பைத் திறந்து, சர்ச் கட்டத்தில் உள்ள கேமரா ஐகானைத் தட்டி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே படம் முன்பு எங்கெல்லாம் வந்தது என்பது கிடைக்கும். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் மூன்று வருடம் முன்பே இருந்தால் விஷயம் முடிந்தது. வீடியோ என்றால், ஒரு காட்சியில் நிறுத்தி ஸ்கிரீன் ஷாட் எடுத்து இதையே செய்யலாம். மத்திய அரசு தொடர்பான செய்தி என்றால் பி.ஐ.பி. பேக்ட் செக் பிரிவுக்கு 8799711259 என்ற வாட்ஸ் அப் எண்ணில் அனுப்பிக் கேட்கலாம்.

தெரியாத குரூப்புகளில் உங்களைச் சேர்ப்பதைத் தடுக்க, வாட்ஸ் அப் செட்டிங்ஸ் சென்று பிரைவசி, அதில் குரூப்ஸ் என்பதைத் தட்டி, மை காண்டாக்ட்ஸ் என்று அமைத்திடுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனில் இதை நீங்களே செய்து கொடுப்பது நல்லது. நீங்கள் ஒரு குரூப்பின் அட்மின் என்றால், குரூப் பெயரைத் தட்டிக் கிடைக்கும் பக்கத்தில் குரூப் பெர்மிஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மற்ற உறுப்பினர்கள் மெசேஜ் அனுப்பும் வசதியை ஆப் செய்திடலாம். பெரியப்பாவின் பண்ணையாளர் குரூப்பில் 2021 இல் இதைச் செய்தோம். இப்போது காலையில் பல்லடம் ரேட் மட்டும் வருகிறது. நல்ல நாட்களுக்கு வாழ்த்துப் படம் போட முடியவில்லை என்று சிலருக்குக் கோபம்தான்.